கிறிஸ்மஸுக்கு மறுநாள்

பண்டிகைகளைப்பற்றி எழுதுவோர் யாவரும் பண்டிகை நாளின் சிறப்பையே எடுத்தோதுவது வழக்கம். நாம் இவ்விடத்துப் பேச எடுத்துக்கொண்டதோ அதற்கு மறுநாளைக் குறித்தது. டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி காலையில் தேவாலயங்களின் பின்புறத்தையும், விடுதிகளின் மதிலோரத்தையும், கடைவீதியின் முடுக்குகளையும் ஒருமுறை நடந்து பார்த்தவர்க்கு நாம் கூறப்போவதில் புதுமை ஒன்றும் இராது. தெர்மாக்கோலினாற் செய்த மலைகள் துண்டுதுண்டாய் உடைந்து காற்றில் உருண்டோடும். ஜிகினாச் சரங்கள் வேலிமுள்ளிற் சிக்கிக்கொண்டு மினுக்கும். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும் கோப்பைகளும் எச்சிற்சோற்றோடு குவிந்து கிடக்கும். சோற்றின் வாசனைக்கு வந்த மாடு அவற்றையும் சேர்த்தே மெல்லும். மாட்டுத்தொழுவத்தின் முன்னணையிற் கிடத்தப்பட்டவரின் நாளைக் கொண்டாடிய மறுநாளே, மாட்டின் வயிற்றுக்குப் பிளாஸ்டிக்கைப் பரிமாறுவது எவ்வகைப் பக்தி என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நாம் கொண்டாட்டத்தின் பகைவர் அல்லோம். 1647-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பாராளுமன்றத்தார் கிறிஸ்மஸ் பண்டிகையே கொண்டாடலாகாதென்று சட்டஞ் செய்தனர். அச்சட்டம் ஜனங்களின் மனத்தை வென்றதோ? அவ்வாண்டின் கிறிஸ்மஸ் நாளிலேயே கான்டர்பரி நகரிற் கலகம் விளைந்தது. 1660-ல் அரசன் நாடு திரும்பியபோது பண்டிகையும் உடன் திரும்பிற்று. மனிதனுடைய சிரிப்பை அடக்கப் புறப்படுவோர் எக்காலத்தும் தோற்பர்; அவர் தோற்பதே நியாயம். வருஷம் முழுவதும் கணக்குப் பார்த்து உண்டவன் அன்றொருநாள் கணக்கை மறந்து உண்ணட்டும், பிள்ளைகள் புத்தாடை உடுக்கட்டும், விளக்கு எரியட்டும், பாட்டு எழும்பட்டும். இவற்றுள் ஒன்றையேனும் குறைக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று.

நம் கருத்து இரண்டே. மண்ணுக்கும் நீருக்கும் தீங்கில்லாதபடி பண்டிகையைக் கொண்டாடினால் சந்தோஷம் குன்றிவிடும் என்னும் எண்ணம் பிழையானது என்பது ஒன்று. இச்சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டியவர் குடிசையில் வாழும் ஏழைக் குடும்பத்தார் அல்லர். மொத்தமாய் வாங்கி மொத்தமாய் எறியும் சபைகளும், சங்கங்களும், நம்முடையது போன்ற கல்லூரிகளுமே என்பது மற்றொன்று. பின்னதைச் சிலர் விரும்பார். ஆயினும் சொல்லியே தீரவேண்டும்.

முதலில் குடிலை எடுத்துக்கொள்வோம். 1223-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துக் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்னும் தவசியார் கிறிஸ்து பிறந்த காட்சியை ஜனங்களின் கண்முன் நிறுத்த விரும்பினார். அவர் தேடியவை யாவை? ஒரு முன்னணை, அதிலிடக் கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. ஊரார் தீவட்டிகளும் மெழுகுதிரிகளும் ஏந்தி வந்தனர். அவ்வளவே. அவருடைய சரித்திரத்தை முதன்முதல் எழுதிய செலானோ ஊர்த் தோமா என்பவர் ஒரு செய்தியைக் குறித்து வைத்துள்ளார்: முன்னணையிலிட்ட அந்த வைக்கோலை ஊரார் எறிந்துவிடாமற் சேமித்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தனராம், அவையும் குணமடைந்தனவாம். அற்புதத்தை நம்புவோர் நம்புக; நம்பாதோர் விடுக. அந்தப் பண்டிகையின் மறுநாள் மிச்சம் மாட்டுக்கு மருந்தாயிற்று என்பதும், நம் பண்டிகையின் மிச்சம் மாட்டுக்கு நஞ்சாகிறது என்பதும் இருதிறத்தாரும் சிந்திக்கத்தக்கவை.

நம்மவர் கட்டும் குடில்களோ வேறு வகையின. மலைக்குத் தெர்மாக்கோல், அதன்மேற் பனிக்குப் பஞ்சு! பொருநை பாயும் நாட்டிலே பனிமழையை யார் கண்டார்? பெத்லகேம் ஊரும் பாலைவனத்தின் ஓரத்திலே, கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப்பாறைக் குன்றின்மேல் அமைந்தது. அங்குப் பனி வீழ்வது எப்போதோ ஒருமுறை. ஆகவே கல்லும் செம்மண்ணும் முள்ளுமாய் நம் தேரிக்காட்டின் சாயலில் ஒரு குடில் கட்டினால், அது லண்டன் மாநகரத்து வாழ்த்துச்சீட்டின் படத்தைப் பார்த்துக் கட்டிய குடிலைக் காட்டிலும் பெத்லகேமுக்கு அணித்தாய் இருக்கும். பசுமை வேண்டுமாயின் அதற்கும் வழியுண்டு. பிரான்சு தேசத்தின் தென்பகுதியாகிய புரோவான்சிலே டிசம்பர் 4-ஆம் தேதி, பரிசுத்த பார்பராளின் திருநாளன்று, சிறு தட்டுகளிற் கோதுமையை முளைக்க விடுவர். கிறிஸ்மஸுக்கு அது பச்சைப்பயிராய் நிற்கும். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த தமிழருக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கேழ்வரகோ கம்போ ஒரு கைப்பிடி போதும். பண்டிகை முடிந்தபின் ஆட்டுக்குட்டிக்கு அதனினும் இனிய விருந்து உண்டோ?

இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லாமற் போதல் தகாது. அலங்காரத்துக்குத் தெர்மாக்கோல் பயன்படுத்துவது இப்போது வெறும் ரசக்குறைவு மாத்திரம் அன்று, சட்ட விரோதமுமாம். 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் இந்திய அரசாங்கத்தார் விலக்கிய பொருள்களின் அட்டவணையில் அது தெளிவாய்க் குறிக்கப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் கொடிகளும், இனிப்புப் பெட்டிகளின்மேற் சுற்றும் மெல்லிய உறைகளும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பதாகைகளும் அதிலடங்கும். இதற்கு முன்னரே, 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் தேதி முதல், தமிழ்நாட்டு அரசாங்கத்தார் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கோப்பை, உணவுமேசை விரிப்பு முதலாகிய பதினான்கு வகைப் பொருள்களை விலக்கினர். சட்டம் படிக்கப்போகும் மாணாக்கரும், சட்டம் கற்பித்த பெரியோரும் சூழ்ந்திருக்கும் சபையிலே, விலக்கப்பட்ட தட்டில் விருந்து பரிமாறப்படுகிறது! சிறு கடைக்காரனைப் பிடித்து அபராதம் விதிக்கும் அதிகாரி கல்லூரி வாயிலுக்குள் நுழைவதில்லை. நமக்குள்ள தைரியம் அதுவே போலும்.

நட்சத்திரத்தின் கதை நம் போன்ற கல்விச்சாலைகளுக்கு மிகவும் உரியது. ஜெர்மனி தேசத்து நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், க்ஷேத்திரகணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் பல முனைகளையுடைய காகித நட்சத்திரத்தைச் செய்யும்படி பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். கணக்குப் பாடமே பண்டிகை விளக்காயிற்று. பிற்காலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் அது ஒரு கைத்தொழிலாகவும் வளர்ந்தது. நம் நாட்டு ஐந்துமுனை நட்சத்திரமும் அவ்வாறே பிள்ளைகளின் கைவேலையாய் இருந்தது. மூங்கிலைச் சிம்பாய்ப் பிளந்து, இரண்டு ஐங்கோணச் சட்டங்கள் கட்டி, நடுவே குச்சிகளை நிறுத்திப் புடைக்கச் செய்து, பட்டம் செய்யும் வர்ணக் காகிதத்தை மாவுப்பசையால் ஒட்டி, உள்ளே விளக்கிட்டு உயரத் தூக்குவர். முனை ஒன்று கோணினால் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஆலோசனை கூறுவர். அந்தக் கோணலே அவ்வீட்டு நட்சத்திரத்துக்கு அடையாளமுமாகும்.

இப்போது அந்த இடத்தைப் பிடித்திருப்பது மடித்து விரிக்கும் கடைநட்சத்திரம். சீன தேசத்து யீவூ நகரத்துத் தொழிற்சாலைகளினின்று உலகத்துச் சந்தைகளுக்கெல்லாம் கிறிஸ்மஸ் அலங்காரப் பொருள்கள் பெருவாரியாய்ச் செல்கின்றன. நம் ஊர்க் கடைக்கும் வருகின்றன. அந்நாட்டுத் தொழிலாளர்மேல் நமக்கு வருத்தமில்லை. வாங்கிய இரண்டு நிமிஷத்தில் தொங்கவிடப்படுவதும், தெருவிலுள்ள அத்தனை வீட்டிலும் ஒரே அச்சாய் இருப்பதும், மறு வருஷத்துக்கு உதவாமற் போவதும் ஆகிய ஒரு பொருளினால் வீட்டார்க்கு வந்த சந்தோஷம் எவ்வளவு என்பதே நம் கேள்வி. காகித நட்சத்திரம் மழையில் நனைந்துவிடுமே என்பார் சிலர். மெய்தான்; நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் மாதத்திலும் பெய்யும். அதற்காகவே நம் முன்னோர் அதை இறவாரத்தின் கீழ்த் தூக்கினர். நனைந்தால் மறுபடி ஒட்டினர். அதனால் நஷ்டமடைந்தவர் ஒருவரும் இலர்.

மினுக்குப் பொடியைப்பற்றி ஒரு வார்த்தை. நட்சத்திரத்தின்மேலும் வாழ்த்துச்சீட்டின்மேலும் தூவும் பொடி, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் ஏட்டைப் பொடிப்பொடியாய் வெட்டியது. துடைத்தாலும் கழுவினாலும் அது சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்குமே போய்ச் சேரும். மீனின் வயிற்றிலும் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துகள்களுக்கு விதித்த கட்டுப்பாட்டில் இவ்வகைப் பொடியின் விற்பனையையும் தடுத்தனர். அரிசிமாவுக் கோலத்தை எறும்புக்கு இடும் நாட்டில் பிறந்த நாம் அவர்களுக்குப் பின்னே நிற்கலாமா?

இனி மரத்தைப்பற்றியது. இதிலேதான் நல்லெண்ணமுடையோரும் தடுமாறுகின்றனர். மரத்தை வெட்டுதல் பாவம், ஆதலாற் பிளாஸ்டிக் மரமே உத்தமம் என்று சொல்லிக்கொண்டு வாங்குவோர் உண்டு. பிளாஸ்டிக் மரம் பி.வி.சி. என்னும் பொருளையும் இரும்புக் கம்பியையும் முறுக்கிச் செய்தது. இரண்டையும் பிரிப்பது எளிதன்று. ஆதலின் அதைத் திரும்ப உருக்கி உபயோகிப்பார் இலர். இங்கிலாந்தில் இவ்விஷயத்தை ஆராய்ந்த கார்பன் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தார், இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் மரத்தால் காற்றிற் சேரும் கரியமில வாயுவின் அளவு ஏறத்தாழ 40 கிலோ என்று மதிப்பிட்டனர். உண்மையான மரத்தை எரித்தாலும் அதிற் பத்தில் ஒரு பங்குக்குமேல் ஆவதில்லை என்பது அவர்தம் கணக்கு. ஆகவே பத்துப் பன்னிரண்டு வருஷமாவது ஒரே மரத்தை வைத்துக்கொண்டாலன்றிப் பிளாஸ்டிக் மரம் வாங்கியதனால் யாதொரு லாபமும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறிந்துவிட்டுப் புண்ணியந் தேடவேண்டாம். கிழியுமட்டும் வைத்துக்கொள்வதே அவர்க்குரிய கடமை.

நம் நாட்டில் ஊசியிலை மரம் வேண்டுவோர் நெடுங்காலமாய் நாடியது சவுக்கு. அதுவும் இந்நாட்டுச் சமவெளிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த விருந்தாளியே. பார்வைக்கு ஊசியிலை போல் தோன்றினும், அவை கணுக்கணுவான மெல்லிய பச்சைக் குச்சிகள். மெய்யான இலைகள் கணுக்களிற் செதில்போல் ஒட்டியிருப்பவை. தாவர சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் ஒரு குச்சியை இணுக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். அதன் வேரில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குவதால், மணற்பாங்கிலும் சவுக்கு செழிக்கும். நெல்லையும் வாழையையும் போல இஃதும் ஒரு பயிரே. குடியானவர் நட்டு, மூன்று முதல் ஐந்து வருஷத்தில் வெட்டிக் கழிக்கும் காகித ஆலைக்கும் விற்பர். கழிக்குதவாத நுனியையும் பக்கக் கிளைகளையும் விறகுக்கு ஒதுக்குவர். அந்த நுனியில் ஒன்றைத் தோப்புக்காரரிடம் விலைகொடுத்து வாங்கி மண்தொட்டியில் நாட்டினால், மரமொன்றும் அதற்காகச் சாகவில்லை. ஜனவரி 6-ஆம் தேதிக்குப்பின் அது அடுப்புக்குப் போகும். சாம்பல் கத்தரிச்செடிக்குப் போகும்.

ஆனால் எங்கிருந்து வெட்டுவது என்பதிற் கவனம் வேண்டும். கிறிஸ்மஸ் காலத்தில் இளைஞர் சிலர் கடற்கரைக்குச் சென்று அங்கு நிற்கும் சவுக்கை முறித்து வருவதை நாம் அறிவோம். கடலோரத்துச் சவுக்கு காற்றையும் அலையையும் தடுப்பதற்காக நடப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி, கிறிஸ்மஸுக்கு மறுநாட் காலையில், ஆழிப்பேரலை எழுந்து தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8000 பேரைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காகச் சென்றிருந்த யாத்திரிகர் பலரும், பண்டிகை உடையைக் களையாத மீனவர் பிள்ளைகளும் அதில் மாண்டனர். மறு வருஷம் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில், கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தோர் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. கண்டற்காடுகளும் சவுக்குத் தோப்புகளும் நின்ற இடங்களில் அலையின் சேதம் குறைந்திருந்தது என்று அதிற் கூறியிருந்தனர். அந்த மரத்தில் ஒரு கிளையை முறித்து நம் கூடத்தில் நிறுத்தி விளக்கேற்றுவது நமக்கு மனம் ஒப்பவில்லை.

மரமே வெட்டாமல் மரத்தை அலங்கரிக்கவும் கூடும். நம் வளாகங்களில் வேம்பும் புன்னையும் நிற்கின்றனவே. அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு அதனடியிற் குடில் அமைத்தால் அழகாயிருக்கும். ஆயின் ஆணி அடிக்கலாகாது. இரவெல்லாம் கிளைகளில் மின்விளக்கு எரிய விடுதலும் வேண்டா. அங்கு உறங்கும் பறவைகளுக்கு நாம் செய்யும் உபகாரம் அதுவே.

மின்விளக்கைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. எல்.இ.டி. என்னும் புதுவகை விளக்குக்குப் பழைய இழைவிளக்கின் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்குகூட வேண்டாம். சிக்கனமானது என்று எண்ணி ஒன்றுக்குப் பத்தாய்க் கட்டினால் அந்தச் சிக்கனம் எங்கே நிற்கும்? வெடியைப்பற்றி உச்ச நீதிமன்றத்தார் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே தீர்ப்புரைத்துள்ளனர். கிறிஸ்மஸ் நாளுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 மணி முதல் 12.30 மணி வரையில், மாசு குறைந்த வகைப் பட்டாசுகளை மாத்திரமே வெடிக்கலாம். பேரியம் உப்புகள் சேர்ந்தவை கூடா. முப்பத்தைந்து நிமிஷம் போதாதென்று முறையிடுவோர், நள்ளிரவு ஆராதனையில் எத்தனை நிமிஷம் இருந்தனர் என்பதையும் கணக்கிட்டுச் சொல்வார்களாக.

பதாகைகளை மாத்திரம் விட்டுவிட மனமில்லை. கிறிஸ்மஸ் வாழ்த்தென்று சொல்லிச் சந்திகளில் நிறுத்தும் பிளெக்ஸ் பதாகைகளிற் பிறந்தவருடைய உருவம் ஒரு மூலையிற் கையளவாயிருக்க, வாழ்த்துவோரின் முகங்கள் ஆளுயரம் இருக்கக் காண்கிறோம். மறுநாள் அவற்றைச் சுருட்டிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்குவோர் உளர். அந்த மட்டில் அவை உபயோகமானவையே.

நிற்க. இவ்வளவும் ஒருநாட் குப்பைதானே, இதற்கு இத்தனை பேச்சா என்று கேட்பாரும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18-ஆம் தேதிகளில் நம் பகுதியில் நிகழ்ந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்குமேல் மழை பெய்தது. பொருநை கரைபுரண்டது. கிறிஸ்மஸுக்கு ஒருவாரமே இருந்தது. அப்பெருமழையைப் பிளாஸ்டிக் பெய்விக்கவில்லை என்பதை நாம் அறிவோம். அத்தனை மழைக்கு எந்த வாய்க்கால்தான் போதும்? எனினும் தெருவில் நின்ற நீர் வடியவேண்டிய மடைகளை அடைத்துக்கொண்டிருந்தது எது என்பதைத் துப்புரவுத் தொழிலாளரைக் கேட்டால் தெரியும். வெள்ளம் வடிந்தபின் ஆற்றோரத்து மரங்களின் கிளைதோறும் பிளாஸ்டிக் பைகள் தொங்கின. அங்குத் தங்காமற் போனவை புன்னைக்காயல் வழியே மன்னார் வளைகுடாவுக்குச் சென்றன. பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் வாழ்வதால், 1989-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாய் அறிவிக்கப்பட்ட கடல் அது.

இன்னொரு ஆட்சேபம் இதனினும் கனமானது. ஏழை ஒருவன் வருஷத்தில் ஒருநாள் பத்து ரூபாய்க்கு ஒரு மினுக்குச் சரம் வாங்கித் தன் பிள்ளையை மகிழ்விக்கிறான். அவனிடம் சென்று சுற்றுச்சூழல் உபதேசம் செய்வது நியாயமா? நியாயம் அன்று. அதை நாம் முழுமனதாய் ஒப்புக்கொள்கிறோம். அவ்வீட்டாரின் குப்பை ஒரு கையளவே. அன்றியும், நேற்றுவரை மண்தரையிற் சாணமிட்டு மெழுகி, ஓலைப்பெட்டியிற் பண்டம் வைத்திருந்தவர்கள் அவர்களே. பிளாஸ்டிக்கை நாகரிகம் என்று அவர்களுக்குக் காட்டியவர் யார்? தேவாலயத்து மேடையும் கல்லூரி மண்டபமுமன்றோ? நம் அலங்காரத்தைப் பார்த்தே ஊர் தன் அலங்காரத்தைக் கற்கிறது. ஐந்நூறு பேருக்கு விருந்திடும் கமிட்டியார் வாழையிலையிட்டால், ஐந்து பேருக்கு விருந்திடும் வீட்டில் வாழையிலை தாழ்வாய்த் தோன்றாது. உபதேசிப்பதை விட்டு முதலில் நம் முற்றத்தைப் பெருக்குவோமாக.

பிழைப்பைப்பற்றிய ஆட்சேபமும் உண்டு. கடைக்காரர் என்செய்வார் என்பர். விருந்துக்குச் செலவிடும் பணம் வாழைத்தோட்டக்காரனுக்கும், பாக்குமட்டைத் தட்டுச் செய்பவனுக்கும், மூங்கிற்காரனுக்கும் போனால் அது பணமல்லாமற் போய்விடுமோ? மணப்பாட்டுப் பெண்மக்கள் கூட்டுறவாய்ச் சேர்ந்து பனையோலையில் எத்தனை அழகிய பெட்டிகள் முடைகின்றனர்! முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் அண்டை வீட்டார்க்கு அனுப்ப ஓலைக்கொட்டானைப் போன்ற பாத்திரம் வேறில்லை. அதை வாங்கியவர் எறியவும் மாட்டார். இந்நாட்டில் ஆதியில் எழுந்த ஜெபவீடுகள் பலவும் பனையோலை வேய்ந்தவையே. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலைச் சிலுவை பின்னும் கை, கிறிஸ்மஸுக்கு ஓலை நட்சத்திரம் பின்னாதோ?

ஆதலின் நம் கல்லூரியார்க்கும் விடுதிக் காரியதரிசிகளுக்கும் சில விண்ணப்பங்கள். கிறிஸ்மஸ் விருந்துக்கு வாழையிலையோ, விடுதியின் எவர்சில்வர் தட்டுகளோ அன்றி வேறொன்றும் உபயோகிப்பதில்லை என்று கமிட்டியார் எழுத்தில் தீர்மானஞ் செய்யவேண்டும். எழுத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கடைசி நாளில் தட்டு குறைந்தது என்று சொல்லி அவசரமாய் வாங்கிவருவதே வழக்கமாயிருக்கிறது. தட்டைக் கழுவும் வேலையை வேலைக்காரர் தலையிற் சுமத்தாமல், மாணாக்கரே முறைவைத்துச் செய்யவேண்டும். விருந்துக்குப்பின் வரிசையாய் நின்று பாடிக்கொண்டு கழுவுவது விருந்தினும் இனிது என்பதைச் செய்தவர் அறிவர். கேரல் பவனிக்கு லாரியும், ஜெனரேட்டரும், ஒலிபெருக்கியும் வேண்டா. நடந்தே போகட்டும். நான்கு குரலும் ஒரு வயலினும் சேர்ந்த பாட்டுக்கு வாயிற்கதவைத் திறப்பவர், ஒலிபெருக்கிக்குச் சன்னலை மூடுகின்றனர்.

விடுதிகளுக்கிடையே நடக்கும் நட்சத்திரப் போட்டியின் விதியும் மாறவேண்டும். சென்ற ஆண்டுகளில் உயரமும் விளக்கின் எண்ணிக்கையுமே பரிசைத் தீர்மானித்தன. ஆகவே அதிகப் பணம் வசூலித்த விடுதியே வென்றது. இனி மூங்கில், நூல், காகிதம், ஓலை, பசை ஆகிய இவற்றாற் செய்தவற்றுக்கே இடமளிக்க வேண்டும். செலவுக்கு ஓர் எல்லையும் விதிக்க வேண்டும். தீர்ப்புக்கு ஒரு பகுதி மதிப்பெண்ணை 26-ஆம் தேதி காலையில் அவ்விடுதியின் பின்புறத்தைப் பார்த்தபின் இடவேண்டும். அலங்காரத்துக்கென்று நன்கொடை அனுப்பும் பழைய மாணவர்கள் தங்கள் கடிதத்தில் இந்நிபந்தனையை ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாயின், கமிட்டியார் மறுக்கத் துணியமாட்டார்கள்.

ஒன்று மாத்திரம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். மூங்கிலைக் கிறிஸ்மஸுக்கு முன்வாரத்திற் தேடினால் விலையும் ஏறியிருக்கும், கிடைப்பதும் பச்சையாயிருக்கும். பச்சை மூங்கிற் சிம்பு உலர உலர வளைந்து காகிதத்தைக் கிழிக்கும். நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே வாங்கி, பிளந்து, மழை படாத இடத்திற் பரப்பி உலரவிடுதல் நலம். விடுதியின் மேல்மாடித் தாழ்வாரம் அதற்குப் போதுமானது.